திருச்செந்தூர் போகாத மொட்டை

மாட்டுங்காவில் கூட்டம் முடிந்து, நாங்கள் தாராவியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தோம். மகள் பேச்சி எனக்குப் பத்தடி முன்னால் போனாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. பஸ் வந்து நின்றது. அதையும் விட்டுவிட்டு நடந்தாள். பத்து வயதுப் பிள்ளை கோபத்தில் நடந்தால், நாற்பத்துமூன்று வயது ஆள் பின்னால் போக வேண்டியதுதான். என் சட்டைப் பையில் கையெழுத்துப் போடாத படிவம் ஒன்று நான்காக மடிந்து கிடந்தது. கோபத்துக்குக் காரணம் அது.

கோடை முகாமுக்கான படிவம். புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கிற குழந்தைகளை ஐந்து நாள் கர்ஜத் பக்கம் மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். டாக்டரும் நர்சும் கூடவே இருப்பார்கள். தாய் தகப்பன் போகக் கூடாது. அதனால் முகாமுக்கு முன்னால் பிள்ளைகளைவிடத் தாய் தகப்பன்களைத்தான் தயார்செய்ய வேண்டியிருக்கிறது என்று வசந்தா மேடம் சொன்னார். கூட்டத்தை நடத்தியவர் அவர்தான். பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இதைச் செய்கிறார்.

பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராகப் பெயர், இடம், என்ன நோய் என்று சொல்லச் சொன்னார்கள். பேச்சி எழுந்தாள். "பேச்சி. தாராவி. பிளட் கேன்சர். லாஸ்ட் ரவுண்டு ஓடுது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்கு வெளியே அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். என்னை அறியாமல் வாசலைத் திரும்பிப் பார்த்தேன், எங்கள் சந்து ஆள் யாராவது நிற்கிறார்களா என்று.

கடைசியில் மேடம், முகாமுக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு தடவை வந்து பார்ப்போம் என்றார். அப்போதுதான் நான் படிவத்தை மடித்தேன்.

லேபர் கேம்ப் திருப்பத்தில் பேச்சி நின்றாள்.

"நீங்க டர்போக்" என்றாள். பயந்தாங்கொள்ளி என்பதை எங்கள் பிள்ளைகள் இந்தியில்தான் சொல்கிறார்கள். "எல்லாரு அப்பாவும் சைன் போட்டுட்டாங்க. நீங்க மட்டும் மடிச்சு வச்சிக்கிட்டீங்க."

"வீட்டுக்கு வருவோம்னு சொல்லுதாங்கல்ல, ஏட்டி."

"வரட்டும். வந்தா ஒரு சாயா குடிச்சிட்டுப் போவாங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அதைச் சொல்ல இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். நாங்குநேரிப் பக்கம் ஒரு லாரியில் கிளீனராக ஏறியது தொடக்கம். மங்களூரில் படகு, சூரத்தில் சாயப்பட்டறை, நாந்தேடில் பாலம் கட்டும் வேலை என்று போய்க்கொண்டே இருந்தேன். ஓர் இடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். மனைவி லெச்சுமியும் பிள்ளையும் தாராவியில் இருந்தார்கள். லெச்சுமிக்குத் துணிப் பட்டறையில் நூல் வெட்டும் வேலை. நான் வருவேன், போவேன். இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

நாந்தேடில் இருந்தபோது லெச்சுமி போன் செய்தாள். "புள்ளைக்கு மூணு வாரமா காய்ச்ச விடல. காலெல்லாம் நீலம் நீலமா கன்னிக் கெடக்கு. நீங்க வாங்க." நீங்க வாங்க என்று அவள் அதற்கு முன் ஒருநாளும் சொன்னதில்லை.

பக்கத்து டாக்டர் முதலில் டைபாய்டு என்றார், பிறகு மலேரியா என்றார். ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தபிறகு பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்தார். அங்கே இடுப்பு எலும்பில் ஊசியை இறக்கி, உள்ளே இருக்கிற மஜ்ஜையைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். ரத்தம் உண்டாவது அந்த மஜ்ஜையில்தான். நான்கு நாள் கழித்து ஓர் இளம் டாக்டர் தாளில் வட்டம் வட்டமாக வரைந்து காட்டினார். வெள்ளை அணு என்பது உடம்புக்குக் காவல்காரன். இவளுக்கு அந்த அணுக்கள் முதிராமலே கணக்கில்லாமல் பெருகி, மற்ற அணுக்களுக்கு இடம் இல்லாமல் அடைத்துக்கொண்டிருக்கின்றன. ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வருகிற இந்த வகையைப் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம், ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். "பீச் மே மத் சோட்னா" என்று மூன்று தடவை சொன்னார், பாதியில் விட்டுவிடாதே என்று. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்.

அதன்பிறகு வந்த நாட்களை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. எல்லாம் ஒரே நாள்போலத்தான் இருந்தன. காலை ஆறு மணிக்கு ஃபைலோடு வரிசை. விரலில் ரத்தம். பிறகு கவுண்டுக்காகக் காத்திருப்பது. காவல்கார அணுக்கள் எத்தனை மிச்சம் என்கிற எண்ணுக்குத்தான் எல்லாரும் கவுண்டு என்பார்கள். எண் சரியாக இருந்தால் மருந்து ஏற்றுவார்கள், குறைந்திருந்தால் திருப்பி அனுப்புவார்கள். பீகார்க்காரர், வங்காளி, மராட்டியர் எல்லாரும் அந்தக் கூடத்தில் ஒருவரை ஒருவர் கேட்பது ஒரே கேள்விதான்: "கித்னா ஆயா?" எவ்வளவு வந்தது? குழந்தையின் பெயரைக்கூடக் கேட்க மாட்டோம்.

முதுகுத்தண்டில் மருந்து போடும் நாள் தனி. நோய் மூளைக்குள் போய் ஒளிந்துகொள்ளாமல் இருக்க அது. பிள்ளை இறாலைப்போலச் சுருண்டு படுக்க வேண்டும். முதல் தடவை நான் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த தடவை, "நீங்க வேண்டாம்ப்பா, நீங்க கண்ண மூடிக்கிறீங்க, அம்மா பிடிக்கட்டும்" என்றாள்.

ஸ்டீராய்டு என்கிற மாத்திரை கொடுத்த மாதத்தில் அவளுக்குப் பசி அடங்கவே இல்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த சாப்பாடு எப்போது என்பாள். முகம் பூசணியாக வீங்கியது. ஆற வைத்த சோறு, வெட்டி வைத்த பழம், கடைப் பலகாரம் எதுவும் கூடாது, சுடச்சுடச் சமைத்ததுதான். பாண்டுப்பில் என் சித்தப்பா மகன் முருகேசன் இருக்கிறான். அவன் மனைவி தினமும் குக்கரைத் திறக்காமல், அப்படியே துண்டில் சுற்றி, லோக்கல் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். ஆவி அடங்கினதும் ஆஸ்பத்திரி நடைபாதையில்தான் மூடியைத் திறப்போம். ஒன்றரை மாதம். ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. மருந்துச் செலவில் பெரும்பகுதியை அறக்கட்டளைகள் ஏற்றுக்கொண்டன. மற்றதற்கு லெச்சுமியின் தோடு போனது.

ஓடிப்போகலாம் என்று தோன்றியதா என்று கேட்டால், தோன்றியது. ஒருநாள் தாதர் வரைக்கும் நடந்து போய்ப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். மருந்துச் சீட்டு என் பையில் இருந்தது. அது இல்லாமல் லெச்சுமி அடுத்த மருந்தை வாங்க முடியாது என்பதால் திரும்பினேன். பாசத்தால் திரும்பினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். சீட்டால்தான்.

முடி மூன்றாம் வாரத்தில் கொட்ட ஆரம்பித்தது. ஐந்தாம் வாரத்தில் தலை வழுக்கை. ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்துவிட்டு ஒரு மாலை எங்கள் சந்துக்குத் திரும்பினோம். வாசலில் செல்லத்தாயி அக்கா உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குக் கீழ் அறைக்காரி. எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளிப் பிறந்தவள், அப்பளம் உருட்டிக் கொடுக்கிறவள்.

"என்ன லெச்சுமி, ஊருக்கா போயிருந்தீய? புள்ளைக்கு மொட்டையா?"

"ஆமாக்கா. திருச்செந்தூர்ல போட்டோம். ஒரு வேண்டுதல்" என்றேன் நான்.

யோசித்துச் சொன்னதல்ல. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மொட்டைத் தலையைப் பார்த்தால் முதலில் தோன்றுகிற காரணம் அது. பாதியை அவளே எடுத்துக் கொடுத்தாள், மீதியை நான் முடித்தேன். "மூஞ்சி நல்லா கொழுத்துருக்கே. ஊர்த் தண்ணி ஒத்துக்கிட்டு" என்று பேச்சியின் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு, "இல விபூதி எங்க?" என்று கையை நீட்டினாள்.

திருச்செந்தூர் போய் வந்தவன் பன்னீர் இலையில் மடித்த விபூதி இல்லாமல் வந்தான் என்றால் எங்கள் ஆட்களில் யாரும் நம்ப மாட்டார்கள். பெட்டிக்குள் இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன் என்று சமாளித்தேன். மறுநாள் பாண்டுப்புக்கு ஓடினேன். நல்லவேளை, முருகேசன் தை மாதம் போய்வந்தபோது கொண்டுவந்ததில் நான்கு இலை மிச்சம் இருந்தது.

உண்மையை ஏன் சொல்லவில்லை என்றால், காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த நோய் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் சந்தில் பாதிப் பேர் நம்புகிறார்கள். பிள்ளையோடு யாரும் விளையாட மாட்டார்கள் என்று நான் பயந்தேன். லெச்சுமியின் பயம் வேறு. "பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒருத்தன் வந்து கேக்கணும்லா" என்றாள். பேச்சிக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தோம். யாராவது கேட்டால் ரத்தம் கம்மி, டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார். மொட்டை என்றால் திருச்செந்தூர். அவள் கெட்டிக்காரி, அப்படியே சொன்னாள்.

முடி ஒரு விரற்கடை வளர்ந்தபிறகு, இன்னொரு பெரிய சுற்று மருந்து இருக்கிறது, மறுபடி கொட்டும் என்றார்கள். இந்தத் தடவை முன்னாலேயே சொல்லி வைத்துவிடலாம் என்று நான் புத்திசாலித்தனம் செய்தேன். இன்னொரு மொட்டை பாக்கி இருக்கிறது, ஊருக்குப் போகிறோம் என்று சந்தில் சொன்னேன். அதுதான் பெரிய தப்பு. கிளம்புகிற அன்று செல்லத்தாயி அக்கா மஞ்சள் துணியில் முடிந்த ஒன்றைக் கொண்டுவந்து லெச்சுமி கையில் வைத்தாள். உள்ளே, சுண்டுவிரல் நீளத்தில் தகட்டில் வெட்டிய வெள்ளிக் கால்.

"எங்க வீட்டாளுக்கு முட்டி மடக்க முடியல. முருகனுக்கு நேந்துக்கிட்டேன். உண்டியல்ல போட்டுரு தாயி. என்னால எங்க போக முடியுது."

வாங்காமல் இருக்க வழியில்லை. அந்தக் கால் எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது, வார்டில் தலையணைக்கு அடியில் இரண்டு மாதம் கிடந்தது, எங்களோடு திரும்பி வந்தது. லெச்சுமி அதைப் பிஸ்கட் டின்னில் மாத்திரைகளோடு வைத்து மூடினாள். மிச்சம் இருந்த இலை விபூதியை அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதைப் புருஷன் முட்டியில் தடவினாள். கொஞ்ச நாளில் அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பேச்சிக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் லெச்சுமி அந்த டின்னைப் பார்ப்பாள். காவல்கார அணு குறைந்திருக்கும்போது காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்பது விதி. டாக்சியில் ஏறும்போதும், "சாமி பொருள வீட்டுல வச்சிக்கிட்டு இருக்கோம்" என்றுதான் முணுமுணுப்பாள். அந்தத் தடவை புருவமும் உதிர்ந்திருந்தது. லெச்சுமி தினமும் காலையில் கண்மையால் புருவம் வரைந்துதான் பிள்ளையை வெளியே விட்டாள். இரண்டும் ஒரே அளவாக வரும்வரை அழித்து அழித்து வரைவாள்.

இப்போது வைத்தியம் கடைசிச் சுற்றில் இருக்கிறது. தினமும் மாத்திரை, மாதம் ஒரு தடவை ஊசி. முடி தோள்வரை வந்துவிட்டது, பள்ளிக்கூடமும் போகிறாள். சந்தில் எல்லாம் அடங்கிவிட்டது என்று இருந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வருகிறேன் என்கிறார் மேடம்.

கூட்டம் முடிந்து வந்த இரண்டு நாளும் பேச்சி என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் லெச்சுமி சொன்னாள், "வரச் சொல்லுங்க. மத்தியானம் மூணு மணிக்கு. அப்ப சந்துல எல்லாரும் ஒறங்குவாவ."

நான் மேடத்துக்குப் போன் போட்டேன். யாராவது கேட்டால் பள்ளிக்கூட டீச்சர் என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

"பொய் சொல்ல எனக்கு வராது, சுடலை" என்றார். "கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன். கேக்கலைன்னா பேசாம இருந்துப்பேன். அது போருமா?"

போதும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். எங்கள் அறை மாடியில். செங்குத்தான இரும்பு ஏணியில் சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நின்று நின்று ஏறினார். ஏறி உட்கார்ந்ததும் கேள்விகளை ஆரம்பித்தார். மாத்திரை எத்தனை மணிக்கு, யார் கொடுப்பது? தானே குளிப்பாளா? இருட்டென்றால் பயமா? அவளை விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் எங்கேயாவது போயிருக்கிறீர்களா?

"தனியா படுத்ததே இல்ல மேடம்" என்றாள் லெச்சுமி. "என் கைய வச்சிக்கிட்டுத்தான் ஒறங்குவா."

"இல்ல, அம்மாதான் என் கைய வச்சிக்கிட்டு ஒறங்குவாங்க" என்றாள் பேச்சி.

மேடம் சிரித்தார். துணியில் எல்லாம் பெயர் எழுத வேண்டும், மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்காமல் கொடுத்தனுப்ப வேண்டும், தினமும் போன் பண்ணுகிறேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்றார். "குட்டிகள் முதல் நாள் அழும், ரெண்டாம் நாள் மறந்துடும். அம்மாமார்தான் அஞ்சு நாளும். பஸ் கிளம்பறச்சே ஜன்னலைப் பிடிச்சுண்டு நிக்கப்படாது, கேட்டேளா?" பிறகு மாத்திரைகளைக் காட்டச் சொன்னார். லெச்சுமி பிஸ்கட் டின்னை எடுத்து நடுவில் வைத்தாள்.

அப்போது ஏணியில் சத்தம் கேட்டது. கீழே புதுச் செருப்பைப் பார்த்திருக்கிறாள். செல்லத்தாயி அக்கா தலையை நீட்டினாள். லெச்சுமி டின்னை மூடினாள்.

"யாரு வந்துருக்கா?"

லெச்சுமியைப் பார்த்துத்தான் கேட்டாள். தன்னைக் கேட்காததால் மேடம் குறுக்கே வரவில்லை. அக்கா பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை.

"பஸ்ஸு, அஞ்சு நாளுன்னு பேச்சு காதுல விழுந்துச்சு. திருச்செந்தூருக்கா? நானே வந்து கேக்கணும்னு இருந்தேன்." இடுப்பிலிருந்து மஞ்சள் முடிச்சு ஒன்றை எடுத்தாள். "காலு சரியானா ஜோடியா போடுதேன்னு நேந்திருந்தேன். இப்ப அவுக டீக்கடை வரைக்கும் நடக்காவ. இது ரெண்டாவது காலு."

கையை நீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை முழுக்க அப்பள மாவு. வாங்கிக்கொண்டால் போதும். வாங்கி டின்னுக்குள் போட்டுவிட்டால் மேடம் போய்விடுவார், அக்கா கீழே இறங்கிவிடுவாள், பேச்சி முகாமுக்குப் போய்விடுவாள். வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஆனால் இரண்டாவது காலை வாங்க என் கை எழவில்லை.

டின்னைத் திறந்து முதல் முடிச்சை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"அக்கா, நாங்க திருச்செந்தூரு போகல. ரெண்டு தடவையும் போகல. ஆஸ்பத்திரியில இருந்தோம். புள்ளைக்கு ரத்தத்துல கேன்சர். முடி மருந்துல கொட்டுச்சு."

அவள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். வெள்ளி கறுத்துப்போயிருந்தது.

"அப்ப விபூதி?"

"அது முருகேசன் கொண்டாந்தது."

"அப்ப அவுக முட்டி எப்படிச் சரியாச்சு?"

"பெரியப்பா மாத்திரை தின்னாங்கல்ல" என்றாள் பேச்சி. லெச்சுமி அவள் தொடையில் தட்டினாள்.

அக்கா பேச்சியைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "நோவு யாருக்கும் வரும், போவும்" என்றாள். "எங்க அம்மை அந்த நோவுலதான் போனா. அதைச் சொன்னா நான் என்ன செஞ்சிரப் போறேன்? சாமி பேரைச் சொல்லி ஏமாத்துனீயளே."

இரண்டு காலையும் ஒரே துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். நாங்கள் இரண்டு வருடமாகப் பயந்தது ஒன்று, நடந்தது வேறு.

மேடம் டின்னைத் தன் பக்கம் இழுத்து மாத்திரை அட்டைகளைப் பார்த்து முடித்தார். பிறகு, "படிவம் இருக்கா?" என்றார். மடிப்பை நீவி, தரையில் வைத்துத் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலைக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில் ஒருத்தி தன் குடத்தை லெச்சுமியின் குடத்திலிருந்து தள்ளி வைத்தாள். வேறு யாரும் ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் பேசவும் இல்லை. பேச்சியோடு விளையாட வருகிற மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் வந்தார்கள். செல்லத்தாயி அக்கா எங்கள் ஏணிப் பக்கம் திரும்பவில்லை. அவள் வாசலைத் தாண்டித்தான் நாங்கள் போக வேண்டும், வர வேண்டும்.

அதோடு முடியவில்லை. முகாமுக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. காட்டுப் பக்கம் போகிறார்கள், காவல்கார அணு போதுமான அளவு இருக்க வேண்டும். வியாழக்கிழமை பஸ், அதற்கு முந்தின சனிக்கிழமை பரிசோதனை. எண் இருக்க வேண்டியதற்குக் கொஞ்சம் கீழே வந்தது. டாக்டர் மாத்திரையை நான்கு நாள் நிறுத்திவைக்கச் சொன்னார். மாத்திரை நோயோடு சேர்த்து நல்ல அணுவையும் அமுக்கும், நிறுத்தினால் ஏறலாம். ஏறாமலும் போகலாம். புதன்கிழமை வரச் சொன்னார்.

அந்த நான்கு நாள்தான் எனக்கு இரண்டு வருடத்தில் நீளமான நாட்கள். முன்பெல்லாம் உயிருக்குப் பயந்தோம்; அந்தப் பயத்துக்கு உடம்பு பழகிவிடுகிறது. இது வேறு. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, சந்தில் பெயரும் கெட்டுவிட்டது, இனிமேல் பிள்ளை போக முடியாது என்றால் நான் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? லெச்சுமி வேகவைத்ததும் பொரித்ததுமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டால் அந்த எண் ஏறாது என்று நர்சு சொன்னது அவளுக்கும் தெரியும். பேச்சி தன் துணிகளில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதினாள், ஜட்டியில்கூட. எழுதி மடித்துப் பையில் வைத்து, பையை வாசலில் வைத்தாள்.

"ரிப்போர்ட்டு வரட்டும்டி" என்றாள் லெச்சுமி.

"வரட்டும். பை அது பாட்டுக்கு இருக்கட்டும்."

புதன்கிழமை அதே கூடம், அதே பெஞ்சு. பக்கத்தில் நாசிக்கிலிருந்து வந்த ஒரு தகப்பன், புதியவர், பிள்ளைக்கு முதல் மாதம். கையில் ஃபைலை நெஞ்சோடு பிடித்திருந்தார். என்னைப் பார்த்து, முடி திரும்ப வருமா என்று இந்தியில் கேட்டார். பேச்சி தன் சடையை எடுத்து முன்னால் போட்டுக் காட்டினாள். இரண்டு தடவை கொட்டியது என்றாள். அவர் அந்தச் சடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு ரிப்போர்ட்டு வந்தது. எனக்கு எண்ணைப் படிக்கத் தெரியும், ஆனாலும் படிக்கவில்லை. பேச்சி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு டாக்டர் அறைக்கு அவளே நடந்தாள். டாக்டர் முகாம் தாளில் முத்திரை குத்தினார்.

வியாழக்கிழமை காலை செம்பூரில் பஸ் நின்றது. முப்பது பிள்ளைகள், இரண்டு பங்கு பெற்றோர். ஒரு பையனுக்கு ஒரு கால் இல்லை. ஊன்றுகோலை மேலே கொடுத்துவிட்டுக் கையால் பிடித்து ஏறினான். யாரும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று மேடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். லெச்சுமி மட்டும் நிற்கவில்லை. தள்ளிப்போய் மூடிய கடைப் படியில் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை நாளையிலேருந்து திரும்ப ஆரம்பிக்கணும், நர்சக்காகிட்ட சொல்லிட்டியா?" என்று ஜன்னல் வழியே பேச்சியைக் கேட்டேன்.

"சொல்லிட்டேன்."

"காய்ச்ச வந்தா..."

"ப்பா. எனக்குத் தெரியும். போங்க." சிறிது நேரம் கழித்து, "அம்மாவை ஒறங்கச் சொல்லுங்க" என்றாள்.

பஸ் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். எங்கேயும் போக வேண்டிய அவசரம் இல்லை. அது எப்படி இருந்தது என்றால், களைப்பாக இருந்தது. இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்த களைப்பு மொத்தமும் அன்றைக்குத்தான் உட்கார இடம் கண்டது. லெச்சுமி என் தோளில் சாய்ந்து அங்கேயே தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை டிராம்பேக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு தொழிற்சாலையில் எண்ணெய்த் தொட்டி சுரண்டிக் கழுவும் வேலை. மேஸ்திரி ஒருவர் மூன்று முறை கூப்பிட்டு, மூன்று முறையும் நான் போகாமல் விட்ட வேலை. கூலியில் குறையில்லை, ஆனால் தீப்பற்றும் இடம் என்பதால் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. வீட்டிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ எந்த நிமிடம் கூப்பிடுவார்களோ என்று போனைக் கையிலிருந்து இறக்காமல், பத்து நிமிடத்தில் போட்டுவிட்டு ஓடக்கூடிய வேலைகளை மட்டுமே இத்தனை நாளும் செய்துவந்தேன். மேடத்திடம் லெச்சுமியின் எண்ணை முன்னாலேயே கொடுத்திருந்தேன். எத்தனை மாதம் இருப்பாய் என்று மேஸ்திரி கேட்டார். இருப்பேன் என்று மட்டும் சொன்னேன்.

வாசலில் காவலாளி, "மொபைல்" என்றான். ஒரு தடவை திறந்து பார்த்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. அணைத்து அவன் கையில் கொடுத்தேன். எண் குத்திய தகர வில்லை ஒன்றைக் கொடுத்தான். அதைப் பையில் போட்டுக்கொண்டு, வாளியையும் சுரண்டியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் என்னை யாரும் கூப்பிட முடியாது.